கேட் மீட்டிங் போட முடியாத இடங்கள்

ஆலைத் தொழிலாளியைச் சங்கத்தில் சேர்க்கும் வழி பல தலைமுறையாக ஒன்றுதான். ஷிப்டு விடும் நேரம் பார்த்து கேட் எதிரே கொடி நட்டு, மைக் பிடித்துப் பேசி, ரசீது புத்தகத்தோடு கூட்டத்துக்குள் இறங்குவது. வயலுக்கும் காட்டுக்கும் அப்படி ஒரு கேட் கிடையாது. ஒரே பெண் ஒரு மாதம் ஒருவர் வயலில் நடவு நடுகிறார், இன்னொரு மாதம் வேறொருவர் வயலில் களை பறிக்கிறார், அறுவடை முடிந்ததும் செங்கல் சூளைக்கோ வனத்துறைக்குக் குழி வெட்டவோ போகிறார். அவர் எந்த முதலாளியிடம் கோரிக்கை மனு கொடுப்பார்? 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இந்தியாவின் விவசாயத் தொழிலாளர்கள் 14.43 கோடிப் பேர், சாகுபடியாளர்கள் 11.88 கோடிப் பேர். கூலிக்குப் போகிறவர்கள் பயிர் செய்கிறவர்களை எண்ணிக்கையில் மிஞ்சியது சுதந்திர இந்தியாவில் அதுவே முதல் முறை. ஆனால் சங்கங்களின் உறுப்பினர் பேரேட்டில் அவர்களுக்கு அந்த அளவுக்கு இடம் இல்லை.

இதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் காரணங்கள் வறுமை, எழுத்தறிவின்மை, சாதிப் பிளவு, பயம். எல்லாம் உண்மையே. ஆனால் வரலாற்றைப் பார்த்தால் கிராமத் தொழிலாளர்கள் சங்கத்தில் சேரத் தயங்கியவர்கள் அல்ல. கூலிச் சண்டை மூண்டபோது ஒரே வாரத்தில் ஊர் ஊராகச் சேர்ந்திருக்கிறார்கள், உயிரையும் கொடுத்திருக்கிறார்கள். கடினமாக இருந்தது சேர்ந்தவர்கள் நிலைப்பது. அதைத் தீர்மானித்தவற்றில் நாம் மிகக் குறைவாகப் பேசும் ஒன்று உண்டு: சந்தாவை யார், எங்கே வைத்து வாங்குகிறார்கள் என்பது. சங்கம் தொழிலாளியின் வீட்டு வாசலில் வேர் பிடித்ததா, முதலாளியின் சம்பளப் பட்டியலில் ஒரு பிடித்தமாக நின்றதா? தஞ்சாவூரிலிருந்து பிரேசில் வரை இந்தக் கேள்வியை வைத்துப் பார்த்தால் பல வெற்றிகளும் பல சரிவுகளும் விளங்குகின்றன.

சட்டத்தை முதலில் முடித்துவிடலாம். விவசாயத் தொழிலாளருக்கும் ஆலைத் தொழிலாளருக்குச் சமமான சங்க உரிமை வேண்டும் என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1921லேயே ஓர் உடன்படிக்கை செய்தது. இந்தியா அதை இரண்டே ஆண்டில் ஏற்றது. கிராமத் தொழிலாளர் அமைப்புகளுக்கென்றே வந்த 1975ஆம் ஆண்டின் 141ஆம் உடன்படிக்கையையும் 1977ல் ஏற்றது. காகிதத்தில் குறை சொல்ல முடியாது. அமெரிக்காவின் தேசியச் சட்டத்தில் காகிதத்திலும் உரிமை இல்லை: 1935ஆம் ஆண்டின் தொழிலாளர் உறவுச் சட்டம் பண்ணைத் தொழிலாளரை வெளிப்படையாகவே ஒதுக்கி வைத்தது. இந்தியாவில் ஒதுக்கல் வேறு வழியில் நடக்கிறது. 2025 வரை நடப்பில் இருந்த தொழில் தகராறுச் சட்டம் பொருந்த வேண்டுமானால் செய்யும் வேலை ‘தொழில்’ என்று முதலில் நிரூபிக்க வேண்டியிருந்தது. புணே பகுதியில் சமூகக் காடு வளர்ப்புத் திட்டங்களில் உழைத்த தினக்கூலிகள் வழக்கில், வனத்துறையின் அந்த வேலை தொழில்தான் என்று 1995ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அவர்களை நிரந்தரமாக்கவும் வழி பிறந்தது. 2001ல் குஜராத் வழக்கொன்றில், வனத்துறை என்ற பெயரை மட்டும் வைத்துத் தொழில் என்று கொள்ள முடியாது, வேலையின் தன்மையை ஆதாரத்தோடு நிறுவ வேண்டும் என்றது. நாற்றங்காலில் பை நிரப்பும் பெண் தன் வேலை தொழில்தான் என்பதற்கு ஆவணம் திரட்ட வேண்டும் என்பது எவ்வளவு பெரிய சுமை!

கீழத் தஞ்சைக்கு வருவோம். 1943ல் மன்னார்குடிப் பக்கம் தென்பரையில் விவசாயிகள் சங்கத்தின் முதல் கிளை தொடங்கியபோது, அமைப்பாளராக வந்த பி.சீனிவாசராவ் கன்னடம் பேசுகிறவர். மிராசுதார்களின் வயலில் கூட்டம் போட முடியாது. பண்ணையாள் அங்கே வாய் திறந்தால் சாட்டையடியும் சாணிப்பாலும் காத்திருந்தன. ஆகவே அவர் சேரிக்குள் போனார், அங்கேயே சாப்பிட்டார், அங்கேயே படுத்தார். சங்கத்தின் கிளை பண்ணையை எல்லையாக வைத்து அமையவில்லை; சேரியை எல்லையாக வைத்து அமைந்தது. இதுதான் அந்த இயக்கத்தின் அடிப்படைக் கண்டுபிடிப்பு என்று நினைக்கிறேன். ஒரு சேரியில் பத்துப் பண்ணைகளின் ஆட்கள் இருப்பார்கள். ஒருவரை ஒரு மிராசுதார் அடித்தால் மற்ற ஒன்பது பண்ணைகளிலும் வேலை நிற்கும். முதலாளி பலராகச் சிதறிக் கிடப்பதே ஆலைச் சங்கத்தாரைக் குழப்பும் விஷயம். இங்கே அதுவே ஆயுதமாயிற்று. 1944 டிசம்பரில் மன்னார்குடியில் கையெழுத்தான ஒப்பந்தத்தில் சாட்டையடியும் சாணிப்பாலும் நிறுத்தப்படும் என்ற வாசகம் ஏறியது. கூலி ஒப்பந்தம் என்று அதைச் சொன்னால் போதாது. உடம்பைத் தொடாதே என்பதே முதல் கோரிக்கை, மரக்காலும் படியும் அதற்குப் பிறகுதான். 1948ல் மாயவரம் ஒப்பந்தம், 1952ல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் என்று அடுத்தடுத்து வந்தவற்றுக்கெல்லாம் அந்தச் சேரிக் கிளைகளே அடிப்படை.

1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் 44 பேர் எரிக்கப்பட்டதை அரைப்படி நெல் கூலிக்காக நடந்தது என்று சுருக்கிச் சொல்வது வழக்கம். கூலி உயர்வு கோரிக்கையாக இருந்தது உண்மை. ஆனால் நிலவுடைமையாளர்கள் தங்கள் நெல் உற்பத்தியாளர் சங்கத்தின் பக்கம் தொழிலாளர்களை இழுத்ததையும், செங்கொடியை இறக்கச் சொன்னதையும், மறுத்தவர்களுக்கு அபராதம் விதித்ததையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். எந்தச் சங்கத்தில் இருப்பது என்பதுதான் அங்கே உயிர்ப் பிரச்சினை. உறுப்பினர் சேர்ப்பு என்ற சொல்லை அலுவலக நடைமுறைபோலப் பயன்படுத்தும்போதெல்லாம் எனக்கு இது நினைவுக்கு வரும். அதன்பின் கணபதியா பிள்ளை ஆணையம் அமைந்தது, 1969ல் நியாயக் கூலிச் சட்டம் வந்தது. முதன்மைக் குற்றவாளியாகத் தண்டிக்கப்பட்டவரை 1973ல் உயர்நீதிமன்றம் விடுதலை செய்தது.

காட்டு வேலையில், குடியிருப்பில் வைத்துச் சேர்க்கும் இதே முறை மகாராஷ்டிரத்தின் தானே (இன்றைய பால்கர்) மாவட்டத்தில் வெற்றி கண்டது. அங்கே வார்லிப் பழங்குடிகள் நிலவுடைமையாளருக்கு வெட்டி வேலை செய்ததோடு, மர வியாபாரிகளுக்கு மரம் வெட்டினார்கள், புல் அறுத்தார்கள். 1945ல் கோதாவரி பருலேகர் அவர்களிடையே கிசான் சபையைக் கட்டினார். முதலில் புல் அறுப்புக்கு 500 பவுண்டுக்கு இரண்டரை ரூபாய் என்று விலை நிர்ணயிக்கக் கோரினார்கள். 1946ல் மரம் வெட்டுவதற்கு நாளுக்கு ஒன்றேகால் ரூபாய் கேட்டு வேலைநிறுத்தம் செய்து, வியாபாரிகள் சங்கத்தைப் பணிய வைத்தார்கள். இதில் கவனிக்க வேண்டியது, கூலி முழுவதற்கும் ஒரே விகிதத்தை ஒரே ஒப்பந்தத்தில் எழுத வைத்தது. காட்டு வேலையில் கூப்பு எடுத்தவர் ஒருவர், ஆள் கூட்டி வரும் மேஸ்திரி ஒருவர், வாங்கும் வியாபாரி ஒருவர். தனித்தனியாகப் பேசினால் ஒவ்வொருவரும் மற்றவர் மீது கை காட்டுவார். முதலாளிகளின் சங்கத்தோடு பேசினால்தான் அந்த வழி அடைபடும்.

மலைத் தோட்டங்களின் கதை நேர் எதிரானது. அங்கே முதலாளி ஒருவர்தான், ஆயிரக்கணக்கான ஆட்கள் ஒரே இடத்தில், லயத்தில் அடுத்தடுத்த வீடுகளில் வாழ்கிறார்கள், காலையில் பெரட்டுக் களத்தில் பெயர் கூப்பிடுகிறார்கள். சங்கத்துக்கு இதைவிட வசதி ஏது என்று தோன்றும். தடை வேறு: லயமும் முதலாளியின் நிலத்தில் நின்றது. அமைப்பாளர் உள்ளே கால் வைத்தால் அத்துமீறல் வழக்கு. தஞ்சாவூரிலிருந்து இலங்கை போன கோ.நடேசையர் புடவை வியாபாரிபோல வேடமிட்டுத் தோட்டங்களுக்குள் நுழைந்தார் என்பது மலையகத்தில் இன்றும் சொல்லப்படும் செய்தி. 1931ல் அவர் ஹட்டனில் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தைத் தொடங்கினார். அவர் மனைவி மீனாட்சியம்மை தொழிலாளர் துயரத்தைச் சிந்தாகக் கட்டி, அச்சிட்டு, கூட்டங்களில் தாமே பாடினார். எழுத்துத் தெரியாத கொழுந்துப் பெண்ணுக்குத் துண்டறிக்கை போய்ச் சேராது, பாட்டு சேரும். பேச்சாளரைக் கேட்க வராதவர்கள் பாட்டைக் கேட்க வந்தார்கள். கடனில் கட்டிப்போட்ட துண்டு முறை 1921ல் ஒழிந்திருந்தாலும் கங்காணியின் பிடி தளரவில்லை. அவரை மீறி வெளியாள் ஒருவரிடம் பேசலாம் என்ற எண்ணத்தை முதலில் உண்டாக்கியது இந்தத் தம்பதி.

1939ல் இலங்கை இந்தியர் காங்கிரஸ் உருவானது. அதன் தொழிற்சங்கப் பிரிவு 1950ல் இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ் ஆயிற்று. 1940 ஜனவரியில் முல்லோயாத் தோட்டத்தில் கோவிந்தன் என்ற தொழிலாளி போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இறந்தார். அந்த ஆண்டின் தொடர் வேலைநிறுத்தங்களுக்குப் பிறகு தோட்ட முதலாளிகள் சங்கங்களை அங்கீகரித்து ஏழு அம்ச ஒப்பந்தத்துக்கு வந்தார்கள். அங்கீகாரம் வந்ததும் சந்தா சம்பளத்தில் பிடிக்கப்படும் முறை படிப்படியாக வேரூன்றியது. தொழிலாளி ஒரு படிவத்தில் கையெழுத்துப் போட்டால் போதும், மாதா மாதம் தோட்ட அலுவலகமே பிடித்துச் சங்கத்துக்கு அனுப்பிவிடும். இது பெரிய வசதி. மாநாடு நடத்த, வழக்குப் போட, முழுநேர ஊழியரை வைக்கப் பணம் கிடைத்தது. 1948ல் குடியுரிமையையே பறிகொடுத்த மக்களுக்கு அவ்வளவு வலுவான அமைப்பு இல்லாமல் போயிருந்தால் நிலைமை இன்னும் மோசமாகியிருக்கும். ஆனால் மாதம் ஒரு முறை லயத்துக்கு வந்து கதவைத் தட்டி, ‘என்னம்மா, சுகந்தானா’ என்று கேட்டுச் சந்தா வாங்கும் ஆள் இல்லாமல் போனார். அவர் வாங்கியது பணம் மட்டும் இல்லை. திட்டும் வாங்கினார், குறையும் கேட்டார். பிடித்தம் வந்த பிறகு சங்கம் யாருக்குப் பதில் சொல்ல வேண்டும் என்பது மங்கிவிட்டது.

கேரளத்தின் மூணாறில் 2015 செப்டம்பரில் நடந்ததை இந்த வெளிச்சத்தில்தான் பார்க்கிறேன். கண்ணன் தேவன் மலைத் தோட்டங்களில் முந்தைய ஆண்டு 20 சதவீதமாக இருந்த போனஸ் 10 சதவீதமாகக் குறைந்தது. அன்றைய நாள் கூலி 232 ரூபாய். ஆயிரக்கணக்கான பெண்கள், பெரும்பாலும் தமிழ் பேசும் தலித் பெண்கள், மூணாறு நகரச் சாலையில் உட்கார்ந்தார்கள். கட்சிச் சங்கங்கள் எல்லாம் அங்கே இருந்தன. பெரும்பாலான பெண்கள் ஏதோ ஒன்றுக்குச் சந்தா கட்டியவர்கள்தான். ஆனாலும் தலைவர்களை அருகில் வரவிடவில்லை. கம்பெனியோடு சேர்ந்து வீடும் சலுகையும் பெற்றவர்கள் என்று முகத்துக்கு நேரே குற்றம் சாட்டினார்கள். கூடை சுமப்பது பெண், பேச்சுவார்த்தை மேசையில் உட்காருவது ஆண் என்பது பல பத்தாண்டு வழக்கம். ஒன்பது நாளில் 20 சதவீதத்துக்கு ஈடான தொகை கிடைத்தது. அக்டோபரில் கூலி 301 ரூபாயானது. அந்தப் பெண்களின் அமைப்பான ‘பொம்பளை ஒருமை’ அவ்வளவு குறுகிய காலத்தில் சாதித்ததை நம் காலத்தில் வேறெந்தத் தோட்டப் போராட்டமும் சாதிக்கவில்லை.

பிறகு அது தேய்ந்தது. அதைப் பெண்களின் அனுபவக் குறைவு என்று எழுதுவது நியாயமில்லை. பிணக்குகள் வந்தன, கட்சிகள் ஆட்களைத் திரும்ப இழுத்தன என்பவை ஒரு பக்கம். இன்னொரு பக்கம், பழைய சங்கங்களிடம் இருந்த சம்பளப் பிடித்தம், அலுவலகம், வழக்கறிஞர், அரசின் தோட்டத் தொழிலாளர் குழுவில் நாற்காலி எதுவும் புதியவர்களிடம் இல்லை. வீட்டு வாசலில் பிறந்த அமைப்புக்கு வீட்டு வாசலிலேயே சந்தா வசூலிக்கும் பழக்கம் வருமுன் கூட்டம் கலைந்துவிட்டது. நிறுவனமாக நிலைப்பதற்கு மாதாமாத வசூல் தேவை. அதை யாரும் அவர்களுக்காகச் செய்து தரப் போவதில்லை.

அலைந்து திரியும் தொழிலாளியை எப்படிச் சேர்ப்பது? அமெரிக்காவின் ‘உலகத் தொழில்துறைத் தொழிலாளர்கள்’ (ஐ.டபிள்யூ.டபிள்யூ.) சங்கம் இதற்கு ஒரு விடை கண்டது. 1915ல் அது கோதுமை அறுவடைக்கு ரயில் ஏறிப் போகும் ஆட்களுக்கென்று தனிச் சங்கம் தொடங்கியபோது, நகரத் தெருமுனைப் பேச்சை ஓரங்கட்டிவிட்டு, அறுவடை ஆட்களிலேயே சிலரைப் பிரதிநிதிகளாக்கியது. அவர்கள் பையில் உறுப்பினர் அட்டையும் சந்தா முத்திரைகளும் இருக்கும். ரயில் பெட்டியிலும் களத்திலும் கூட வேலை செய்துகொண்டே சேர்ப்பார்கள். அதே ஆட்கள் குளிர்காலத்தில் பசிபிக் கரையின் மரம் வெட்டும் முகாம்களுக்குப் போனபோது சங்கமும் கூடவே போயிற்று. 1917ல் அந்தக் காடுகளில் பெரும் வேலைநிறுத்தம். பட்டினி தாங்காதபோது முகாமுக்குத் திரும்பி, எட்டு மணி நேரம் ஆனதும் கோடரியைக் கீழே போட்டுவிட்டு நடந்தார்கள். அரசு தானே ஒரு போட்டி அமைப்பைக் கட்டி எதிர்த்தது. ஆனாலும் 1918 மார்ச்சில் எட்டு மணி நேர வேலை நடைமுறைக்கு வந்தது. படுக்கையைத் தாமே சுமந்து திரிந்த அந்த ஆட்கள், இனி முதலாளிதான் படுக்கை தர வேண்டும் என்று மே தினத்தில் தங்கள் மூட்டைகளைக் கொளுத்தினார்கள்.

கலிபோர்னியாவில் 1962ல் சீசர் சாவேஸும் டொலோரஸ் ஹுயெர்த்தாவும் தொடங்கிய பண்ணைத் தொழிலாளர் சங்கம் தொடக்க ஆண்டுகளில் வேலைநிறுத்தம் பக்கமே போகவில்லை. வீடு வீடாகச் சிறு கூட்டம், மாதம் மூன்றரை டாலர் சந்தா, அதற்கு ஈடாக ஈமச் செலவுக் காப்பீடு, கடன் சங்கம். அந்தச் சந்தா ஏழைக்குப் பெரிய தொகை. அதைக் கட்டுகிறவரே சங்கத்தைத் தன்னுடையது என்று நினைப்பார் என்பது சாவேஸின் கணக்கு. 1965 செப்டம்பரில் லாரி இட்லியோங் தலைமையில் பிலிப்பைன் தொழிலாளர்கள் டெலானோ திராட்சைத் தோட்டங்களில் வேலையை நிறுத்தியபோது இவர்களும் இறங்கினார்கள். 1970ல் ஒப்பந்தங்கள் கிடைத்தன. ஆனால் வென்ற பிறகு ஒரு சிக்கல் முளைத்தது. வேலைக்கு ஆள் அனுப்பும் பொறுப்பு சங்கத்தின் கைக்கு வந்ததும், வேலை இல்லாத மாதங்களின் சந்தா பாக்கியையும் கட்டினால்தான் வேலை என்ற நிலை வந்தது. குடும்பம் குடும்பமாகப் போகும் ஆட்களைப் பிரித்து அனுப்ப நேர்ந்தது. உறுப்பினர்களின் மனக்கசப்பு 1973ல் போட்டிச் சங்கத்துக்கும் பண்ணையாருக்கும் பயன்பட்டது. கூட ஒரு செய்தி: அமைப்பாளர் பண்ணைக்குள் நுழைந்து பேசலாம் என்று கலிபோர்னியாவில் இருந்த விதியை 2021ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொத்துரிமைக்கு விரோதம் என்று ரத்து செய்தது. நடேசையர் காலத்து அத்துமீறல் வழக்கு வேறு உருவில் உயிரோடு இருக்கிறது.

நலத்திட்டத்தின் வழியாக உறுப்பினர் சேர்ப்பது இரு பக்கமும் கூர் உள்ள கத்தி. பிரேசிலில் ராணுவ ஆட்சி 1971ல் கிராமத்தாருக்கு மருத்துவமும் ஓய்வூதியமும் தரும் திட்டத்தைக் கொண்டுவந்து, அதை நடத்துவதில் ஊரகத் தொழிலாளர் சங்கங்களுக்குப் பங்கு கொடுத்தது. உறுப்பினர் எண்ணிக்கை ஏறியது. பல சங்கங்கள் பல்வைத்தியர் அறையாக மாறிப் போராட்டத்தை மறந்தன. வேறு சில, கூட்டம் தேடி வருவதைப் பயன்படுத்திக்கொண்டன. ஆக்ரி மாநிலத்தின் ஷாபூரியில் ரப்பர் பால் எடுப்பவர்களின் சங்கத்தில் சிக்கோ மென்டிஸும் தோழர்களும் காட்டுக்குள் பள்ளிக்கூடம் திறந்தார்கள். எழுதப் படிக்கத் தெரிந்தால்தான் கடைக்காரர் எழுதும் கடன் கணக்கைச் சரிபார்க்க முடியும். காட்டை வெட்டி மேய்ச்சல் நிலமாக்க வந்தவர்களின் முன் குடும்பம் குடும்பமாகப் போய் நின்று தடுத்தார்கள். 1980ல் வில்சன் பின்ஹெய்ரோ, 1988 டிசம்பர் 22ல் மென்டிஸ் என்று தலைவர்கள் கொல்லப்பட்டார்கள். 1990ல் மென்டிஸ் பெயரில் ஏறத்தாழ 9.7 லட்சம் ஹெக்டேர் காடு, அங்கே வாழ்ந்து பால் எடுப்பவர்களுக்கென்று ஒதுக்கப்பட்டது. கூலி உயர்வோடு நில்லாமல் வேலைத்தலத்தையே காப்பாற்றிய சங்கம் அது.

பிரேசிலின் இன்னொரு பாடம் பெண்களைப் பற்றியது. குடும்பத் தலைவர் உறுப்பினர், மனைவி அவரைச் சார்ந்தவர் என்ற பழக்கத்தால் பல இடங்களில் பெண்களைத் தனி உறுப்பினராக எடுக்கவே இல்லை. அந்தக் காலத்தில் சங்கத் தலைவியாக இருந்த மார்கரிதா ஆல்வெஸ் 1983ல் சுட்டுக் கொல்லப்பட்டார்; அவர் பெயரில் 2000 முதல் பெண்கள் தலைநகருக்கு ஊர்வலம் போகிறார்கள். நம் ஊர்க் கிளைகளிலும் பெரும்பாலும் ஒரு வீட்டுக்கு ஒரு ரசீது, அதுவும் ஆண் பெயரில். நடவும் களையும் கொழுந்தும் பெண் வேலையாக இருக்கையில் இதை இன்னும் மாற்றாதது சங்கங்களின் பெரிய தவறு.

தமிழ்நாட்டில் நலவாரியங்கள் வந்த பிறகு அட்டை பதிவதும் புதுப்பிப்பதும் உதவித்தொகைக்கு மனு எழுதுவதும் சங்க ஊழியரின் அன்றாடப் பணி. அதை இழிவாகப் பேசுவோர் உண்டு. நான் அப்படி நினைக்கவில்லை. விதவை உதவித்தொகைக்கு நடையாய் நடக்கும் ஒருவருக்கு அந்த ஊழியர்தான் அரசு. ஆனால் அட்டைக்காக வந்தவரிடம் அன்றே அடுத்த கிளைக் கூட்டத்தின் தேதியைச் சொல்லாத சங்கம், பதிவு முழுக்க இணையத்துக்குப் போகும் நாளில் வெறுமையாகிவிடும். பிரேசிலில் ஓய்வூதியத்துக்கு ஆதாரமாக இருந்த சங்கச் சான்றிதழ் 2019ல் தேவையற்றதாக்கப்பட்டது.

அரசே முதலாளியாக இருக்கும் காட்டோர வேலைகள் இன்று மிக நெருக்கடியில் உள்ளவை. சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தப்படி இலங்கையிலிருந்து தாயகம் திரும்பியவர்களுக்காக 1968ல் வனத்துறையின் கீழ் நீலகிரியில் தேயிலை நடப்பட்டது; அதுவே 1976ல் தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகம் (டான்டீ) ஆயிற்று. கன்னியாகுமரியில் அரசு ரப்பர் கழகம். இரண்டிலும் நிலம் வனத்துறையுடையது. தோட்டம் நட்டமாகும்போது நிலத்தை வனத்துறையிடம் ஒப்படைப்பது கோப்பில் ஒரு வரி. பால் வெட்டுகிறவருக்கும் கொழுந்து பறிக்கிறவருக்கும் அது வேலையும் வீடும் ஒருசேரப் போவது. மாஞ்சோலையில் இது தனியார் தோட்டத்திலேயே நடந்தது. கூலி உயர்வும் கைதானவர்களின் விடுதலையும் கேட்டு 1999 ஜூலை 23ல் திருநெல்வேலியில் ஊர்வலம் போனபோது தாமிரபரணிக் கரையில் 17 பேர் இறந்தார்கள். சிங்கம்பட்டி ஜமீனிடம் வாங்கிய 99 ஆண்டுக் குத்தகை 2028ல் முடிகிறது என்பதால் 2024ல் கம்பெனி விருப்ப ஓய்வு கொடுத்து வேலையை மூடியது. கூலிக்காகப் பேசும் அமைப்புகள் குத்தகைத் தேதியை இருபது ஆண்டு முன்பே கோரிக்கைப் பட்டியலில் ஏற்றியிருக்க வேண்டும். ஷாபூரியில் அப்படித்தான் வேலைத்தலத்தையே கோரிக்கையாக்கினார்கள்.

காட்டுக்குள்ளேயே வேலை பார்க்கும் வேட்டைத் தடுப்புக் காவலர்களில் பலர் பழங்குடிகள், தற்காலிகப் பணியாளர்கள். யானையின் தடத்தை அறிந்த அவர்களுக்கு நிரந்தர வேலை இல்லை. வால்பாறையிலும் நீலகிரியிலும் இப்போது கொழுந்து பறிப்பவர்களில் ஜார்க்கண்ட், அசாம் ஆட்கள் பெருகிவருகிறார்கள். சீனிவாசராவ் தமிழ் கற்றுக்கொண்டு சேரிக்குப் போனதுபோல, சாந்தாலியோ சாத்ரியோ பேசக்கூடிய ஒரு அமைப்பாளரை அனுப்பும் பொறுப்பு இங்குள்ள சங்கங்களுக்கு உண்டு. அவர்களிலேயே ஒருவரைத் தேர்ந்து ரசீது புத்தகத்தைக் கொடுப்பது அதைவிட நல்லது.

2020ல் நிறைவேறிய தொழில் உறவுச் சட்டத் தொகுப்பு, ஒரு நிறுவனத்தின் வருகைப் பட்டியலில் இருப்பவர்களில் 51 சதவீதத்தினரைக் கொண்ட சங்கமே தனிப் பேச்சுவார்த்தைச் சங்கம் என்கிறது. நடவுக்குப் போகும் பெண், காண்டிராக்டரின் கீழ் தைல மரம் வெட்டுபவர், தொகுப்பூதியக் காவலர், தோட்டத்துக்குப் புதிதாக வந்த ஒராவோன் பழங்குடி இளைஞர் ஆகியோரின் பெயர்கள் எந்த வருகைப் பட்டியலில் இருக்கின்றன? அந்தப் பட்டியலைக் கேட்டு வாங்கிச் சரிபார்ப்பதும், அதில் இல்லாதவர்களின் பெயரை வீடு வீடாகப் போய்த் தாமே எழுதி வைத்துக்கொள்வதும் இந்த ஆண்டு உறுப்பினர் பதிவோடு சேர்த்துச் செய்யக்கூடிய வேலை. பெண்கள் பெயரில் தனி ரசீதோடு.